குஸ்கோவின் வீட்டோடு மாப்பிள்ளை

பெரு நாட்டுக் குஸ்கோவில் நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டே ஹாஸ்டலுக்குள் நுழைவீர்கள். ஊர் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வாங்கத்தான் செய்யும். கவுன்ட்டரில் இருக்கும் ஜெர்மன் பையன் பாஸ்போர்ட்டைக் கேட்பதற்கு முன்பே கோக்கா இலை போட்ட வெந்நீரை நீட்டுவான். "இன்றைக்கு மாடிப்படி ஏறாதீர்கள்" என்பான். உங்களுக்கு ஒதுக்கிய கட்டில் மூன்றாவது மாடியில் இருக்கும்.

அவன் பேசும் தோரணையைப் பார்த்தால் முதலாளியின் மூத்த பிள்ளை என்றே தோன்றும். அவன் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. சம்பளமும் கிடையாது. அவனுக்குப் பெயர் வாலன்டியர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பெண் இல்லாத வீட்டுக்கு வாய்த்த வீட்டோடு மாப்பிள்ளை.

ஏற்பாடு எளிது. 2002இல் தொடங்கிய வொர்க்கவே மாதிரியான இணையதளங்கள் வழியாகச் சேருகிறார்கள். பொதுவாக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் வேலை. பதிலுக்குப் படுக்கையும் சாப்பாடும். இதில் 'சாப்பாடு' என்பதைக் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். பல இடங்களில் அது காலையில் கிடைக்கும் ரொட்டி, ஜாம், அதிர்ஷ்டம் இருந்தால் முட்டை. மற்ற இரண்டு வேளைக்கும் ஆண்டவன் படியளப்பது சமையலறையில் உள்ள இலவச அலமாரி வழியாக. ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள் மிச்சம் வைக்கும் பாதி பாஸ்தா, கால் பாட்டில் எண்ணெய், யாரும் வாங்கியிருக்கவே கூடாத ஒரு சூப் பொடி, எல்லாம் அங்கேதான் சேரும். ஃபிரிட்ஜில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டாத பையைத் தூக்கி எறியும் அதிகாரமும் அவனுக்கு உண்டு. எறிகிறானா என்று மட்டும் விசாரிக்காதீர்கள்.

அவனைப் பார்க்க வேண்டிய இடம் மேல் அடுக்குக் கட்டில். உறை மாட்ட வேண்டிய மெத்தையின் மேலேயே மண்டியிட்டு உட்கார்ந்திருப்பான். தலைமாட்டு மூலையைச் செருகினால் கால்மாட்டு மூலை கழன்று வரும். அதைப் பிடிக்கத் திரும்பினால் சுவர்ப் பக்கம் போய்விடும். நிமிர்ந்தால் உத்தரத்தில் தலை இடிக்கும். ஹம்பர்க்கில் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாத பிள்ளை! அடுத்த கட்டிலில் குஸ்கோக்கார அம்மாள் ஒருவர் ஏணியில் நின்றபடியே நாலு மூலையையும் செருகிவிட்டுத் தலையணையைத் தட்டிக்கொண்டிருப்பார். அந்த அம்மாளுக்குச் சம்பளம் உண்டு, மாப்பிள்ளைக்கு அனுபவம் உண்டு. அம்மாளின் பெயரை எந்த இணையதளத்திலும் யாரும் புகழ்ந்து எழுதுவதில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

"நாங்கள் எல்லாம் ஒரே குடும்பம்" என்று முதலாளி அடிக்கடி சொல்வார். உண்மைதான். குடும்பத்தில் யார் சம்பளம் கேட்கிறார்கள்? இரவு பாரில் பாட்டுப் போடுவதும், பாதி ராத்திரியில் 'சத்தம் போடாதீர்கள்' என்று அதே பாட்டுக்கு ஆடியவர்களை விரட்டுவதும் ஒரே ஆள்தான்.

அவனைச் சுற்றுலாப் பயணி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், முகம் சுருங்கிவிடும். அந்த வார்த்தையை அவன் வாயால் ஒப்புக்கொண்டது லிமா விமான நிலையத்தில், குடியேற்ற அதிகாரியிடம் மட்டும்தான். வேலை செய்ய வந்தேன் என்று அங்கே சொன்னால் வேறு விசா கேட்பார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு மச்சு பிச்சுக் கோட்டையைப் பற்றி அவனிடம் கேட்காமல் இருக்க முடியுமா? ரயிலுக்குக் காசைக் கொட்டாமல் ஹிட்ரோஎலெக்ட்ரிக்கா வரை வேனில் போய், அங்கிருந்து தண்டவாளத்தை ஒட்டியே நடக்கும் வழியைச் சொல்வான். கோட்டை குஸ்கோவைவிடத் தாழ்வான இடத்தில், 2,430 மீட்டரில்தான் இருக்கிறது என்பான். பிப்ரவரியில் இன்கா பாதையை மூடிவிடுவார்கள் என்று எச்சரிப்பான். எந்த மூலையில் நின்றால் படம் நன்றாக வரும் என்று வரைந்தே காட்டுவான்.

"நீங்கள் எப்போது போனீர்கள்?"

"வாரத்தில் இரண்டு நாள்தான் லீவு. அதில் ஒரு நாள் துணி துவைக்கவே சரியாகப் போய்விடுகிறது."

அவன் சொன்ன வழியில் போய்வந்த சிலி நாட்டுப் பெண் இரண்டு நாள் கழித்து, "நீ சொன்ன மூலைக்கு விடவே இல்லையே" என்றாள். அவன் கொஞ்சமும் அசரவில்லை.

"காலையிலேயே போயிருக்க வேண்டும்" என்றான்.