ஒரு சிப்பம் டிபன்

என் அக்கா மகன் ஸ்பெயின் நாட்டில் வலென்சியா என்கிற கடற்கரை நகரத்தில் வேலை பார்க்கிறான். போன மாதம் போனில் ஒரே புலம்பல். "மாமா, மத்தியானச் சாப்பாடு பதினாலு யூரோ!"

எனக்கு யூரோ புரியாது. ரூபாய்கூடச் சட்டென்று உறைக்காது. எதையும் நெல்லாக்கிப் பார்த்தால்தான் கணக்கு வரும். சுவாமிமலைப் பக்கம் இரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு, டிபிசி என்கிற அரசு நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் மூட்டைக்குக் காவல் கிடந்தவனுக்கு வேறெப்படி வரும்? 2025-26 கொள்முதலில் சாதா ரகம் குவிண்டால் 2,500 ரூபாய். 40 கிலோ சிப்பம் ஆயிரம். யூரோ அப்போது நூறு ரூபாய்ச் சுமாருக்கு நின்றது. ஆக, பயல் ஒரு வேளைக்கு ஒன்றரைச் சிப்பத்துக்குச் சற்றே குறைய விழுங்குகிறான்.

"அதுக்கு என்னடா போடுறான்?"

"முதல்ல ஒரு தட்டு, அப்புறம் இன்னொரு தட்டு, ரொட்டி, கடைசியில இனிப்பு. தண்ணி கேட்டாலும் ஒயின் கேட்டாலும் அதே விலைதான் மாமா."

இதற்கு அங்கே 'மெனு தெல் தியா' என்று பெயர். சுற்றுலா வருகிறவர்களுக்கு நிர்ணய விலையில் முழுச் சாப்பாடு போட்டாக வேண்டும் என்று 1960களில் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி ஓட்டல்காரர்களுக்கு உத்தரவு போட்டதிலிருந்து வந்த வழக்கம். நகரத்துக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றி நெல் வயல்கள். 'நெல் விளையுற ஊர்ல சாப்பாடு இந்த விலையா!' என்று சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

கிருத்திகைக்கு மகன், மருமகள், பேரன் வந்தார்கள். "ஏங்க, இன்னைக்கு ஒரு நாள் வெளிய சாப்பிடலாமே" என்றாள் மனைவி. முதலில் சாமி. எங்கள் கோயில் கட்டுமலை. அறுபது படி, பிரபவ முதல் அட்சய வரை படிக்கொரு தமிழ் வருடம். மற்றவர்கள் முருகா முருகா என்று ஏறினார்கள். எனக்கோ படிக்குப் படி தோசை ஞாபகம். முதல் படி பிரபவ, 1987: கல்யாணமான புதிது, மசால் தோசை இரண்டு ரூபாய். முப்பத்தொன்றாம் படி ஹேவிளம்பி, 2017: ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. ஏசி ஓட்டல் என்றால் 18 சதவீதம், ஏசி இல்லை என்றால் 12. நவம்பரில் இரண்டையும் 5 ஆக்கினார்கள். வரி இறங்கியது, தோசை இறங்கவில்லை. சார்வரி பிறந்தபோது ஊரடங்கு. ஓட்டலில் உட்காரவே விடாததால் அந்த ஒரு படியில் மட்டும் எனக்கு மூச்சு வாங்கவில்லை. முப்பத்தொன்பதாம் படி விசுவாவசு, 2025: நாங்கள் ஏறிய வருடம். மேலே இன்னும் இருபத்தோரு படி இருந்தது. பார்க்கவே பயமாக இருந்தது.

அப்பனுக்கே பிரணவத்தின் பொருள் சொன்ன சாமி. "நெல்லு விலைக்கும் தோசை விலைக்கும் என்ன பொருத்தம், அதையும் கொஞ்சம் சொல்லிடப்பா" என்று வேண்டிக்கொண்டேன். எங்கள் ஊர்ச் சாமி ரகசியத்தை அப்பன் காதில் மட்டும்தான் சொல்லும் போலிருக்கிறது.

ஓட்டலில் ஏசி ஹால். கேட்காமலே தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்தார்கள். காவிரிக் கரையில் தண்ணீர் இருபது ரூபாய். வலென்சியாவாக இருந்தால் இந்நேரம் ஒயினே வந்திருக்கும். இட்லிக்குக் கடப்பா உண்டா என்றேன். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட அந்தக் கும்பகோணத்துச் சரக்கைச் சர்வர் தம்பி கேள்விப்பட்டதே இல்லை. "பன்னீர் பட்டர் மசாலா இருக்கு சார்." பேரனுக்குப் பன்னீர் தோசை, மருமகளுக்கு நெய் ரோஸ்ட், எனக்கு மசால் தோசை, மற்றவர்களுக்கு அவரவர் இஷ்டம், கடைசியில் பித்தளை டபராவில் டிகிரி காபி.

பில் 956 ரூபாய். மத்திய, மாநில ஜிஎஸ்டி இரண்டையும் சேர்த்து 1,004. மகன் போனை நீட்டிக் கட்டிவிட்டான். என் கண்ணுக்கு மட்டும் ஒரு சிப்பம் நெல்லும் அதன்மேல் ஒரு கைப்பிடியும் கல்லாவுக்குள் போவது தெரிந்தது. என் தோசை 95 ரூபாய், அதாவது 3 கிலோ 800 கிராம் நெல். அதை அரைத்தால் இரண்டரைக் கிலோ அரிசி தேறும். வீட்டில் ஒரு வாரத்துக்குத் தோசை ஓடும்.

"ஏன் சார் இவ்வளவு?" என்று கல்லாவில் இருந்தவரைக் கேட்டேன். கோபிக்காமல் விரல் விட்டு எண்ணினார்: சிலிண்டர், மாஸ்டர் சம்பளம், எண்ணெய், தேங்காய், முந்திரி, கரண்ட். எல்லாம் நியாயம்தான்.

"அரிசி?"

"அரிசியா? அது கிடக்கு சார், அதெல்லாம் ஒரு செலவா?"

மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

சுவாமிமலைக்கு வருகிறவர்கள் முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் படியேறுங்கள். நாங்கள் கோயிலுக்குப் போகும்போது அந்த ஓட்டல் வாசல் பலகையில் மசால் தோசை 90.