வாயு போக வழி

நாகரிகத்தை விட்டுக் காட்டுக்கு ஓட வேண்டும் என்று நான் வாங்கிய வண்டியில் ஃபிரிட்ஜ், அடுப்பு, ஹீட்டர், கட்டில், கக்கூஸ் எல்லாம் உண்டு. வீட்டைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு துறவறம் போகும் இந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் கேம்பிங் டிரெய்லர் என்று பெயர்.

அக்டோபரில் நியூ ஜெர்சியிலிருந்து வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவுக்குப் போனோம். அங்கே முகாம்களில் மின் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டரையும் குறித்த நேரத்தில்தான் ஓட்டலாம். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரி. ஹீட்டர் எரிவது கேஸில்தான். ஆனால் சூட்டை ஊதித் தள்ளும் விசிறி ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். விடிகாலை 3 மணிக்கு அது முனகி அடங்கியது. ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து கேட்டார்:

“கரண்ட் போச்சா?”

கடல் தாண்டி வந்தும் மின்வெட்டு அவரை விடவில்லை. 2012-இல் மதுரையில் இன்வெர்ட்டர் பேட்டரியைக் கைக்குழந்தைபோல வளர்த்தவர். நியூ ஜெர்சி திரும்பியதும் தலைமைப் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார்.

கோல்ஃப் வண்டிகளில் போடும் 6 வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கினோம். ஒன்று கிட்டத்தட்ட 30 கிலோ. ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு சேர்த்தால் 12 வோல்ட். “சீரியல் செட்டு மாதிரிதான் மாப்ள,” என்றார். மொத்தம் 220 ஆம்பியர்-மணி. ஆனால் ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுசு குறையும். மீட்டர் 12.7 காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது, 12.1-க்கு வந்தால் கையைக் கழுவிவிட வேண்டும். ஆக, செலவழிக்கக் கிடைப்பது 110தான்.

“பொண்ணு பாக்க வந்தப்ப சொன்ன சம்பளம் மாதிரி,” என்றார், என்னைப் பார்க்காமல்.

டிரெய்லரின் மூக்கில் ஒரு பேட்டரிக்குத்தான் இடம். அதனால் இரண்டையும் எங்கள் கட்டிலுக்கு அடியிலிருந்த சாமான் அறையில் பெட்டிக்குள் வைப்பதாக முடிவு. அங்கேதான் வில்லங்கம். இந்த பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும். 1937-இல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்து விழுந்த லேக்ஹர்ஸ்ட் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லை. அதில் நிரப்பியிருந்ததும் ஹைட்ரஜன்தான் என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னதிலிருந்து, மனைவி கட்டிலின் ஓரத்தில்தான் படுக்கிறாள்.

“மனுசனோ பேட்டரியோ, வாயு போக வழி வேணும் மாப்ள,” என்றார் மாமனார். ஓம வாட்டர் பாட்டில் இல்லாமல் விமானம் ஏறாதவர். அனுபவஸ்தர் சொன்னால் கேட்க வேண்டும்.

தவணை முடியாத வண்டியில் துளை போடுவது, குழந்தைக்குக் காது குத்துவதைவிடக் கொடுமை. அழுவது நாம்தான். கண்ணை மூடிக்கொண்டு பெட்டியின் அடிமட்டத்துக்கு நேராகத் துளைத்துவிட்டேன். மாமனார் குனிந்து பார்த்தார். “ஹைட்ரஜன் மேலதான ஏறும்? கீழ வழி விட்டா எப்படிப் போகும்?” மறுபடி காது குத்தல். இந்த முறை மேலே. பெட்டி மூடியிலிருந்து குழாய் அதன் வழியாக வெளியே போனது. கீழ்த்துளையை வீணாக்காமல் வெளிக்காற்று உள்ளே வர வைத்துக்கொண்டோம். அப்படித்தான் வைக்க வேண்டுமாம். என் தப்பு ஒன்று திட்டமாகப் பதவி உயர்வு பெற்றது அன்றைக்குத்தான்.

ஒயரை முடுக்கும் முன், “மோதிரத்தக் கழட்டுங்க,” என்றார். ஸ்பேனரோ மோதிரமோ இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டால் விரல் வெந்துவிடும். கல்யாண மோதிரத்தைக் கழற்றி மனைவியிடம் நீட்டினேன். “இதுக்குத்தானே இத்தனை வருசம் காத்துக்கிட்டிருந்தீங்க?” என்றாள்.

சேதம் ஒன்றே ஒன்று. மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் மட்டம் பார்த்தபோது மாமனாரின் வேட்டியில் ஏதோ துளி பட்டிருக்கிறது. அப்போது ஒன்றும் தெரியவில்லை. துவைத்து எடுத்தபோது வேட்டி சல்லடை.

மூன்றாம் வாரம் மறுபடி ஷெனாண்டோவா. மாமனாரின் மொச்சைக் குழம்போடு இரவுச் சாப்பாடு. விசிறி கம்பீரமாக ஓடியது. மீட்டர் 12.5. நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிகாலை 3 மணிக்கு அலாரம் அலறியது. தரையோரம், மாமனாரின் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் கேஸ் கசிவு அலாரம். அது பேட்டரி விடும் வாயுவுக்கும் கத்தும். டார்ச்சோடு பாய்ந்தேன். அடுப்பு மூடியிருந்தது. சிலிண்டரையும் அடைத்தேன், கசிவு எங்கும் இல்லை. பேட்டரி சார்ஜ் ஆனால்தான் ஹைட்ரஜன். ராத்திரி ஜெனரேட்டரே ஓடவில்லை. மேல்துளை, கீழ்த்துளை இரண்டிலும் அடைப்பு இல்லை. பேட்டரி நிரபராதி.

டார்ச் வெளிச்சம் மெல்ல குரங்குக் குல்லா பக்கம் திரும்பியது.

“என்னைய என்ன பாக்குறீங்க மாப்ள?” என்றார் மாமனார். “ஜன்னலத் தொறங்க.”