விமானத்துக்குக் கீழே நின்றவர்கள்

தொண்ணூறுகளின் போரில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளைகள் குண்டு போட வரும் விமானத்தைப் பார்த்து இனங்கண்டதில்லை. சத்தமே போதும். அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு மெல்ல வட்டமடித்தால் சகடை. வானத்தைக் கிழித்துக்கொண்டு போனால் சுப்பர்சொனிக். பள்ளிக்கூட வளவில் பங்கர், வீட்டு வளவில் பங்கர். "பொம்மர் வருது, ஓடு" என்று அம்மா கத்துமுன்பே நாங்கள் உள்ளே இருப்போம். வானம் என்பது எங்களுக்கு அண்ணாந்து பார்க்கும் இடமல்ல, தலையைக் குனிய வைக்கும் இடம்.

பிறகு போர்நிறுத்தம் இருந்த சமாதான காலத்தில், கொழும்பில் ஒரு நண்பனின் அறையில், ஜப்பானிய அசைவூட்டப் பட இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘லபூட்டா’வை டிவிடியில் பார்த்தேன். 1986இல் வந்த படம். ஒரு சிறுமி வானத்திலிருந்து விழுகிறாள். கழுத்திலுள்ள நீலக்கல் ஒளிர்ந்து அவளை மெதுவாகக் கீழே இறக்குகிறது. சுரங்கத்தில் வேலை செய்யும் பையன் கைகளை நீட்டி ஏந்திக்கொள்கிறான். வானத்திலிருந்து வந்த ஒன்றை ஒருவன் கை நீட்டி வாங்குவதை அதுவரை நான் பார்த்ததில்லை. அன்று தொடங்கியது மியாசாகி மீதான பற்று. துடைப்பத்தில் பறக்கும் கிக்கி, வெண்சிறகு போன்ற மிதவையில் தனியாகப் பறக்கும் நௌசிக்கா, பன்றிமுகத்தோடு சிவப்புக் கடல்விமானம் ஓட்டும் போர்க்கோ என்று ஒவ்வொன்றாகத் தேடித் தேடிப் பார்த்தேன். எனக்கு இல்லாமல் போன வானத்தை அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தந்தார். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அந்தப் படங்கள் வெறும் பறக்கும் சுகத்தைத் தந்து அனுப்பிவிடுவதும் இல்லை. 1992இன் ‘போர்க்கோ ரோஸ்ஸோ’வில் செத்துப்போன விமானிகளின் விமானங்கள் மேகத்துக்கு மேலே, இன்ன நாட்டவன் என்ற பேதமில்லாமல், ஒரே வெண்நிரையாகப் போய்க்கொண்டிருக்கும். கீழே ஜீனா இருப்பாள். விமானிகளான மூன்று கணவர்களையும் இழந்தவள். பறப்பின் அழகுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. 2004இன் ‘ஹவுலின் நகரும் கோட்டை’யில் வானத்தில் ஒரு போர்விமானம் போகும்போது, அது நம்முடையதா எதிரியுடையதா என்று ஸோஃபி கேட்கிறாள். எதுவானால் என்ன என்கிறான் ஹவுல். பங்கருக்குள் இருந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

2013இல் ‘காற்று எழுகிறது’ வந்தது. மிட்சுபிஷி நிறுவனத்தில் ஸீரோ போர்விமானத்தை வடிவமைத்த ஜிரோ ஹொரிகோஷியின் கதை. அவருடைய வாழ்க்கையோடு, தட்சுவோ ஹொரி என்ற எழுத்தாளரின் புனைவிலிருந்து காசநோய்க்காரியான ஒரு பெண்ணை எடுத்துச் சேர்த்திருந்தார் மியாசாகி.

ஸீரோ என்ற பெயரைப் படம் வருவதற்கு வெகுகாலம் முன்பே எனக்குத் தெரியும். என் அம்மம்மா திருகோணமலைக்காரி. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் ஜப்பானியக் கப்பற்படையின் விமானங்கள் குண்டு போட்டன. குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக வந்தவை ஸீரோக்கள். சீனன்குடாவின் எண்ணெய்த் தொட்டியொன்றில் ஒரு விமானம் வந்து மோதி நாள்கணக்கில் எரிந்ததாக ஊரில் இன்றும் கதை உண்டு. "ஜப்பான்காரன் குண்டு போட்ட நேரம்" என்றுதான் அம்மம்மா தன் சிறுவயதுக் கதை எதையும் தொடங்குவார். சனம் ஊரை விட்டு ஓடியதையும், அடுப்பில் வைத்த சோறு அப்படியே கிடந்ததையும் சொல்வார். அவருக்கு ஜப்பான்காரன், எனக்கு பொம்மர். இரண்டு தலைமுறையும் ஒரே பக்கம்தான் ஓடியது.

இவ்வளவையும் சுமந்துகொண்டு அந்தப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

படத்தில் முதலில் என்னைக் கலக்கியது சத்தம். விமான எந்திரம், ரயில், 1923இன் கான்டோ நிலநடுக்கம் எல்லாவற்றின் ஒலியையும் மனிதர்களின் வாயாலேயே எழுப்பிப் பதிவு செய்திருக்கிறார்கள். உதடு அதிர்ந்து, தொண்டை உறுமி, ஒரு விமானம் கிளம்புகிறது. நிலம் பிளக்கும்போது அது பேய்போல முனகுகிறது. எந்திரத்துக்குள்ளே மனிதன் இருக்கிறான் என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன வேறு படத்தை நான் அறியேன். வாழ்நாள் முழுக்க விமானச் சத்தத்துக்கு விறைத்துப்போகும் என் உடம்பு, அந்தச் சத்தத்துக்கு விறைக்கவில்லை. ஒரு கலைஞனால் இதையும் செய்ய முடிகிறது.

ஆனால் அதனால்தான் கோபமும் பெரிதாக வந்தது. படம் முழுக்க ஜிரோ அண்ணாந்து பார்க்கிறான். கானாங்கெளுத்தி மீனின் முள்வளைவில் இறக்கையைக் காண்கிறான். புதிய விமானத்தை மாடுகள் விமானத்தளத்துக்கு இழுத்துப் போகின்றன. பசித்த பிள்ளைகளுக்கு அவன் கேக்கை நீட்டும்போது அவர்கள் வாங்காமல் ஓடுகிறார்கள்; விமானங்களுக்குக் கொட்டும் பணத்தில் இந்த நாட்டுப் பிள்ளைகளின் பசியைத் தீர்த்திருக்கலாம் என்று நண்பன் ஹொன்ஜோ முகத்துக்கு நேரே சொல்கிறான். துப்பாக்கிகளை எடுத்துவிட்டால் எடை குறையும் என்று ஜிரோ சொல்ல, கூட்டம் சிரிக்கிறது. எல்லாம் தெரிந்துதான் மியாசாகி எடுத்திருக்கிறார். ஆனால் அந்த விமானம் போய்ச் சேர்ந்த இடம் எங்கே? அந்த விமானங்களுக்குக் கீழே நின்றவர்களின் முகம் ஒன்றுகூட இல்லை. ஜப்பானியர் குண்டு போட்ட சீன நகரம் சுங்சிங் இல்லை, திருகோணமலை இல்லை. கடைசிக் கனவில் நொறுங்கிய விமானங்கள் கிடக்கின்றன; ஒன்றுகூடத் திரும்பவில்லை என்று ஜிரோ வருந்துகிறான். அவன் எண்ணுவது விமானங்களை.

இதை வேறொருவர் எடுத்திருந்தால் கடந்து போயிருப்பேன். மியாசாகி 1941இல் பிறந்தவர். அவருடைய குடும்பத் தொழிற்சாலை ஸீரோவுக்குச் சுக்கான் செய்து கொடுத்தது. 1945 ஜூலையில் உட்சுனோமியா நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது நான்கு வயதுப் பிள்ளையாக ஒரு லொறியில் தப்பியவர். குழந்தையோடு நின்ற ஒருவர் ஏற்றிக்கொள்ளும்படி கேட்டும் லொறி போய்விட்டதை அவரே சொல்லியிருக்கிறார். கீழே நிற்பதென்றால் என்னவென்று அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. படம் வந்த மாதமே, போரைக் கைவிட்ட அரசியலமைப்பை மாற்றக் கூடாதென்று எழுதி, தன் நாட்டு வலதுசாரிகளிடம் ஏச்சு வாங்கியவர். அந்த லொறியில் இருந்த பிள்ளையின் கண்ணை இந்தப் படத்துக்குள் அவர் ஏன் விடவில்லை?

ஜிரோவின் காதலியான அந்தக் காசநோய்க்காரி நஹோகோவின் விஷயத்திலும் இதே குறைதான் எனக்கு. நௌசிக்கா, சான், சிஹிரோ என்று துணிந்த பெண்களைப் படைத்த கை, இவளை ஓவியம் தீட்டும் அழகியாக அறிமுகப்படுத்தி, பிறகு பாயில் கிடத்திவிடுகிறது. மலையிலுள்ள சானட்டோரியத்தை விட்டு இறங்கி வந்து கல்யாணம் செய்கிறாள். அவன் இரவில் வரைபடம் போடுகிறான்; ஒரு கை அவள் கையில், இன்னொன்றில் பென்சில், வாயில் சிகரெட். காசநோய்க்காரிக்குப் பக்கத்தில். தங்கை கயோ மட்டும்தான் அண்ணனை நிற்க வைத்துக் கேட்கிறாள். நஹோகோ தன் அழகான முகம் மட்டும் அவனுக்கு நினைவிருக்கட்டும் என்று சொல்லாமல் மலைக்குத் திரும்பிவிடுகிறாள். அவளுடைய இருமலும் இறப்பும் சட்டத்துக்கு வெளியே நடக்கின்றன. திருகோணமலையைப் போலவே. மியாசாகியின் தாயும் ஆண்டுக்கணக்கில் காசநோயோடு கிடந்தவர். ‘டொட்டோரோ’வில் அதே போன்ற ஒரு தாய் எவ்வளவு உயிரோடு இருக்கிறாள்!

என்றாலும் ஒரு கணத்தை மறுக்க முடியாது. சோதனைப் பறப்பு வெற்றி. எல்லோரும் ஆரவாரிக்கிறார்கள். ஒரு காற்று வருகிறது. ஜிரோ தன் விமானத்தைப் பார்க்கவில்லை. தொலைவில், மலைப்பக்கம் திரும்பிப் பார்க்கிறான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஒரு திரும்பலில் படம் தன் கடனை ஒப்புக்கொள்கிறது. அடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

பத்தாண்டு கழித்து 2023இல் ‘சிறுவனும் நாரையும்’ வந்தது. மருத்துவமனைத் தீயில் தாயைப் பறிகொடுத்த சிறுவன். போர்விமான உதிரிகள் செய்து செழிக்கும் தகப்பன். விமானியின் கண்ணாடிக் கூடுகள் வரிசையாக வீட்டுக்குள் வந்து அடுக்கப்படுகின்றன. 2013இல் நான் தேடிய பிள்ளை, எண்பது கடந்த மியாசாகியின் கையில் கடைசியில் வந்தே விட்டான், தீக்கு நடுவே ஓடிக்கொண்டு.

என் மகளுக்கு ‘போர்க்கோ’ மனப்பாடம். கொழும்பு வானத்தில் பயணிகள் விமானம் போனால் வாசலுக்கு ஓடிப்போய்க் கையசைக்கிறாள். ‘காற்று எழுகிறது’ படத்தை அவள் கேட்கும் வயதில் தடுக்கப் போவதில்லை. பக்கத்தில் இருந்து பார்ப்பேன். படம் முடிந்ததும் அம்மம்மாவின் கதையைச் சொல்வேன், அடுப்பில் கிடந்த சோறு வரைக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு மியாசாகியைப் பற்றி அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்க எனக்கு ஆவல்.