விளையாட ஆள் தேவை

எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு விளம்பரம் வந்தது. "7 வயதுப் பையனுக்குத் துணையாக இருக்க நல்ல பெண் தேவை. சமையல் கிடையாது, பாத்திரம் கிடையாது. குழந்தையோடு விளையாடினால் போதும். காலை 8 முதல் இரவு 8 வரை. இங்கிலீஷ் பேசினால் நல்லது. எங்கள் வீட்டுப் பெண் மாதிரி பார்த்துக்கொள்வோம்."

குழு உருகிவிட்டது. கும்பிடும் கைகள், சிவப்பு இதயங்கள், கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள் என்று போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. "பாவம், குழந்தை ஒத்தையா இருக்கானே" என்று பி பிளாக் மாமி குரல்பதிவே அனுப்பினார். குரலில் நிஜமாகவே அழுகை. நான் ஒரே ஒரு வரி போட்டேன்: "சம்பளம் எவ்வளவு?"

நடுராத்திரியில்கூட யாராவது ஒருவர் குட் மார்னிங் அனுப்பும் குழு அது. அன்றைக்கு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்துச் செயலாளர் எழுதினார்: "சார், இது ஃபீலிங்ஸ் விஷயம்." காலை 8 முதல் இரவு 8 வரை ஃபீலிங்ஸ். கூடவே ஒரு படத்தின் பெயரையும் போட்டு, "இதப் பாருங்க, உங்களுக்கே புரியும்" என்றார். வீட்டுக்குள்ளிருந்து, "ஏங்க, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று மனைவியின் குரல் வந்தது. அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள். இதயம் போட்டவர்களில் அவளும் ஒருத்தி.

எனக்குப் புரியாமல் என்ன? பணக்கார வீட்டுத் தனிமைக் குழந்தையும், காசுக்கு வந்த துணையாளும் உயிருக்கு உயிராகிற கதையை நான் பார்க்காத மொழி இல்லை. செயலாளர் சொன்னது 1982-இல் வந்த "தி டாய்" என்ற அமெரிக்கப் படம். வேலையில்லாத பத்திரிகைக்காரர் ரிச்சர்ட் பிரையர். அவர் இருந்த கடைக்கு வந்த கோடீஸ்வரர் மகன், இத்தனை பொம்மைகள் இருக்கிறதே என்று பார்க்காமல், "எனக்கு இந்த ஆள்தான் வேணும்" என்று அவரைக் காட்டுகிறான். ஆளைப் பெட்டியில் அடைத்து வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார்கள். இதுவும் சொந்தச் சரக்கு இல்லை. 1976-இலேயே பிரான்சிஸ் வெபேர், பியர் ரிஷாரை வைத்து "லெ ஜுவே" என்று பிரெஞ்சில் எடுத்தது. அது போதவில்லை என்று 2022-இல் பிரெஞ்சுக்காரர்களே மறுபடி எடுத்தார்கள். ஐம்பது வருஷமாகக் கோடீஸ்வரர் வீட்டுப் பையனுக்கு ஆள் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

சம்பள விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் நம்முடைய படங்களில் வரும் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குற்றம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் மாடிப்படி. இரண்டு பக்கமும் வளைந்து இறங்கி நடுவில் சேரும் மாடிப்படி. மேலே எத்தனை அறை, அதில் யார் இருக்கிறார்கள் என்று கடவுளுக்கும் ஆர்ட் டைரக்டருக்கும் மட்டும் தெரியும். அப்பா இதில் சாதாரணமாக இறங்க மாட்டார். பளபளவென்று ஒரு கவுன், இடுப்பில் கயிறு, கையில் பைப். மே மாதத்து மெட்ராஸில், வேர்க்காமல். அவர் பாதிப் படியில் இருக்கும்போது கீழே போன் அடிக்கும். அந்த வீட்டில் போன் எப்போதும் கீழேதான் அடிக்கும். எடுத்து, "வாட்? ஐம்பது லட்சமா?" என்பார். லாபமா நஷ்டமா என்று கடைசிவரை சொல்லமாட்டார்.

சுவரில் அம்மா. மாலையோடு, சின்ன பல்போடு. அம்மா இருக்கிற வீடு என்றால் அவர் லேடீஸ் கிளப்பில் இருப்பார், இரண்டில் ஒன்றுதான். ஒரு மூலையில் பியானோ. யாருக்கும் வாசிக்கத் தெரியாது. பாட்டு வரும்போது தெரிந்துவிடும். இன்னொரு மூலையில் ஆளுயரக் கரடி பொம்மை, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.

அப்புறம் அந்தச் சாப்பாட்டு மேஜை. கல்யாணப் பந்தியையே உட்கார வைக்கலாம். ஒரு கோடியில் குழந்தை. மறு கோடியில் அப்பாவின் காலி நாற்காலி. நடுவில் ஆப்பிள்கள். இந்த ஆப்பிள்களை என்னால் மன்னிக்கவே முடியாது. கண்ணாடித் தட்டில் கோபுரமாக அடுக்கியிருப்பார்கள், உச்சியில் ஒரு திராட்சைக் கொத்து. கறுப்பு வெள்ளை காலத்திலிருந்து அந்த ஆப்பிளை ஒருவரும் தின்று நான் பார்த்ததில்லை. வில்லன் ஒருத்தன் எடுத்துத் தூக்கிப் போட்டுப் பிடிப்பான், மறுபடி வைத்துவிடுவான். ஹீரோயின் கோபத்தில் ஒன்றை எறிவாள். தின்பது மட்டும் கிடையாது. ஒரு சமயம் எனக்குச் சந்தேகமே வந்தது, வீட்டு வேலைக்காரர் தினமும் அதைத் துடைத்துத் துடைத்து அடுக்குகிறாரோ என்று. அப்படியென்றால் அந்த மனிதர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே ஆப்பிளைத்தான் துடைத்திருக்க வேண்டும். அவருக்கு அதில் ஒன்று கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் கோபுரம் குறைந்திருக்குமே. குறையவில்லை. நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன்.

பால் இன்னொரு கொடுமை. நீளக் கண்ணாடி டம்ளர். "பாபா, பால் குடிங்க." "எனக்கு வேண்டாம்." டம்ளர் தரையில். டொக்கென்று ஒரு குளோசப். அதைத் துடைப்பது யார்? கேமரா அதற்குள் குழந்தையோடு ஜன்னலுக்குப் போய்விடும். ஜன்னலுக்கு வெளியே காம்பவுண்டு சுவர் தாண்டிக் குப்பத்துப் பிள்ளைகள் கோலி ஆடுவார்கள். குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். வயலின். இந்த இடத்தில் தியேட்டரே மூக்கை உறிஞ்சும். கோலி ஆடுகிற பிள்ளைகளில் பாதிக்குக் காலையில் சாப்பாடு இருந்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அவர்கள்தான் சந்தோஷமாக இருக்கிறார்களே!

இப்போது துணையாள் வர வேண்டும். 1969-இல் "சாந்தி நிலையம்" படத்தில் காஞ்சனா வந்தார். 1989-இல் "ராஜா சின்ன ரோஜா"வில் ரஜினி வந்தார், கார்ட்டூன் மிருகங்களோடு ஆடினார். பிள்ளைகள் முதலில் படுத்துவார்கள்: நாற்காலியில் பசை, படுக்கையில் தவளை. பிறகு திருந்துவார்கள். நானும் அழுவேன், மறைக்கவில்லை. எங்கே அழுவேன் என்பது வீட்டில் தெரியும். முன்கூட்டியே துண்டு வந்துவிடும். அந்தக் காய்ச்சல் காட்சிதான். துணையாள்மேல் திருட்டுப் பட்டம் கட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள். அன்று ராத்திரியே குழந்தைக்கு 104 டிகிரி. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, "நம்ம மருந்து இனிமே வேலை செய்யாது. அந்த ஆளைக் கூப்பிடுங்க" என்பார். இதற்கு இவ்வளவு பெரிய டாக்டர் எதற்கு, வாசல் வாட்ச்மேனே சொல்லியிருப்பார். துணையாள் கேட்டுக்கு வெளியே மழையில் நின்றுகொண்டிருப்பார். வேலை போன மனிதர் வேறு வேலை தேட வேண்டாமா? வாடகை யார் கொடுப்பது? அதெல்லாம் நமக்கு எதற்கு. விளம்பர இடைவேளையில் நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பி, "முந்தாநாள் ஏன் வரலை? சொல்லாம கொள்ளாம லீவு போட்டா எப்படி?" என்று கேட்போம். பிறகு திரும்பி வந்து அழுகையை விட்ட இடத்திலிருந்து தொடருவோம்.

சம்பளம். ஆமாம். அதைத்தான் சொல்ல வந்தேன். இதற்கு ஓர் உருப்படியான உதாரணம் இருக்கிறது, சினிமாவில் இல்லை, புத்தகத்தில்: ஜோஹன்னா ஸ்பைரியின் "ஹைடி". 1880-இலும் 1881-இலும் இரண்டு பகுதிகளாக வந்தது. ஆல்ப்ஸ் மலை, ஆடு, தாத்தா என்று நாம் அட்டைப்படத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். உள்ளே நடப்பது சுத்தமான ஆள் எடுப்பு. ஃபிராங்க்ஃபர்ட்டில் செஸெமான் வீட்டுப் பெண் கிளாரா, நடக்க முடியாதவள், சக்கர நாற்காலியில் தனியாக இருக்கிறாள். அவளுக்குத் துணைக்கு 12 வயதில் ஒரு பெண் வேண்டும். ஹைடியின் சித்தி டேட்டே, மலையிலிருந்து குழந்தையைக் கிளப்பிக்கொண்டு வந்து நிறுத்துகிறாள். வீட்டு நிர்வாகி ரோட்டன்மையர் அம்மாள் வயதைக் கேட்டால், சரியாக நினைவில்லை, பத்து இருக்கும் என்று சித்தி மழுப்புகிறாள். பக்கத்தில் நின்ற பிள்ளை, "எட்டு" என்று போட்டு உடைக்கிறது. வேலைக்கு ஆள் வைக்கும் எந்த வீட்டு வாசலிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். அங்கேயும் வயதைக் கூட்டித்தான் சொல்வார்கள்.

இரண்டு பெண்களும் சிநேகிதமாவது உண்மை, அதில் எனக்குச் சண்டை இல்லை. கிளாரா நல்ல பெண். ஆனால் என் மனம் ஒட்டியிருப்பது ரொட்டியில். மதியச் சாப்பாட்டுக்கு வரும் மெத்தென்ற வெள்ளை ரொட்டியை ஹைடி தின்னாமல் அலமாரியில் பதுக்குகிறாள். மலையில் ஆட்டுக்காரப் பீட்டரின் பாட்டியால் கறுப்பு ரொட்டியைக் கடிக்க முடியாது, ஊருக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுக்க. ரோட்டன்மையர் அலமாரியைத் திறந்து பார்த்து, காய்ந்த ரொட்டிக் குவியலை எடுத்து எறியச் சொல்கிறார். கிளாரா, "அழாதே, நீ போகும்போது அதே அளவு புதுசா தருகிறேன்" என்கிறாள். நல்ல மனசு. எப்போது போகலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அப்புறம் பேய். தினமும் காலையில் வாசல் கதவு திறந்து கிடக்கிறது. செபாஸ்டியன், ஜோஹன் என்று இரண்டு வேலையாட்களை ராத்திரி காவலுக்கு உட்கார வைக்கிறார்கள். தைரியத்துக்கு ஒரு பாட்டில் கொடுத்துத்தான். கையிலிருந்த மெழுகுவர்த்தி அணைந்து, வெள்ளையாக ஒன்றைப் பார்த்து, ஜோஹன் வெலவெலத்துப் போகிறான். (இரவுப் படியெல்லாம் தேடிப் பார்த்தேன், புத்தகத்தில் இல்லை.) முதலாளி செஸெமான் வெளியூரிலிருந்து ஓடி வந்து, டாக்டரையும் கூட்டிக்கொண்டு, இருவரும் துப்பாக்கியோடு காத்திருந்து பிடிக்கிறார்கள். நைட் கவுனில், வெறுங்காலோடு, தூக்கத்தில் நடந்து வந்த ஹைடி. கதவைத் திறந்தால் மலை தெரியும் என்று கனவு. டாக்டர் இங்கேயும் டாக்டர்தான்: மருந்து கிடையாது, நாளைக்கே ஊருக்கு அனுப்புங்கள் என்கிறார். நம் படத்துக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம். நம் படத்தில் காய்ச்சல் முதலாளி பிள்ளைக்கு வரும். இங்கே இளைத்துத் துரும்பானது வேலைக்கு வந்த பிள்ளை. அந்த வீட்டில் அது ஒருவர் கண்ணிலும் படவில்லை, கதவு திறந்து கிடந்தது மட்டும் பட்டது.

போகும்போது ஹைடியின் தாத்தாவுக்குச் செஸெமான் ஒரு கடிதமும் ஒரு கட்டுக் காசும் கொடுத்து அனுப்புகிறார். சம்பளம் என்று சொல்லவில்லை. தாத்தா, இது உன் காசு, நீயே வைத்துக்கொள் என்கிறார். ஹைடி அதில் பாட்டிக்குத் தினமும் வெள்ளை ரொட்டி வாங்கத் திட்டம் போடுகிறாள். இன்னும் பின்னால் கிளாரா மலைக்கு வந்து நடக்கத் தொடங்கிய பிறகு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று தாத்தாவிடம் செஸெமான் கேட்கிறார். கிழவர் கேட்டது ஒன்றே ஒன்று: நான் போன பிறகு இந்தப் பெண் அந்நியர் வீட்டில் போய்ப் பிழைக்க நேரக்கூடாது.

அதற்கும் செஸெமான் வாய்வார்த்தைதான் கொடுத்தார். ஆனால் கிளாராமேல் பொறாமைப்பட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் அவளுடைய சக்கர நாற்காலியை மலைச்சரிவில் உருட்டிவிட்டுச் சுக்குநூறாக்கினானே ஆட்டுக்காரப் பீட்டர், அவனைக் கிளாராவின் பாட்டி மன்னித்து, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்கிறாள். ஒரு காசு வேண்டும் என்கிறான். வாராவாரம் ஒரு காசு, ஆயுள் முழுக்க, உயிலிலேயே எழுதிவைக்கிறேன் என்கிறாள் அந்த அம்மாள். 8 வயதில் வேலைக்கு வந்து பாதியாய் இளைத்தவளுக்கு ஒரு கட்டுக் காசும் ஒரு வாய்வார்த்தையும்; ஆயுளுக்கும் எழுத்தில் உறுதியான வருமானம் நாற்காலியை உருட்டிவிட்டவனுக்கு!