பரண்வாழ் அணிலின் பட்டா உரிமை: மாரண்டஹள்ளிக் களம் சார்ந்த ஓர் ஆய்வு

பரணில் சத்தம் பகலில் கேட்டால் அணில், இரவில் கேட்டால் எலி. இந்த வாய்பாட்டை ஏற்காதவர்களோடு இவ்வாய்வு வாதிடாது. அணில் விடிந்ததும் கிளம்பி, அந்தி சாய்வதற்குள் வீடு திரும்பிவிடும். ஆய்வுக்களமான வீட்டில் இந்த ஒழுக்கம் வேறு யாரிடமும் காணப்படவில்லை.

களம், தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டம் மாரண்டஹள்ளியில் உள்ள ஓர் ஓட்டு வீடு. மங்களூர் ஓடு, பழைய கைமரம், கொல்லையில் கூரையை உரசி நிற்கும் தென்னைகள். பரணில் இருப்பவை: பித்தளை அண்டா, ஒரு காலத்தில் பட்டுப்புழு வளர்த்ததற்குச் சாட்சியாக மூங்கில் சந்திரிகைகள், யாருடையவை என்று தெரியாத கல்யாணப் பத்திரிகைகள், மாமனார் காலத்து இலவம்பஞ்சு மெத்தை ஒன்று. மனிதக் கண்ணுக்கு இது குப்பை. மெத்தையில் பஞ்சு, பக்கத்து மரத்தில் தென்னை நார், முகட்டு ஓட்டில் ஒரு விரிசல் என்றால் அணிலுக்கு அது குடிபுகத் தயாராக இருக்கும் வீடு.

ஆய்வுச் சிக்கல் இதுதான். எலியும் அணிலும் கொறிணி வரிசையைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கொறித்துத் தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாது. இரண்டும் ஒயரைக் கடிக்கும். ஆனால் எலியைக் கண்டால் விளக்குமாறு எடுக்கும் அதே கை, அணிலைக் கண்டால் தேங்காய்ச் சில்லு எடுக்கிறது. ஏன்?

முதன்மைத் தகவலாளரான மாமியாரிடம் இக்கேள்வி வைக்கப்பட்டது. “அதப் போயி ஏம்பா தொரத்தறீங்க? ராமரு தடவிக் குடுத்த முதுகாச்சே!” என்றார். ஆக, முதுகிலுள்ள மூன்று கோடுகள்தாம் பட்டா. கிராம நிர்வாக அலுவலர் கேட்டாலும் காட்டலாம். எலியிடம் அப்படி எந்த ஆவணமும் இல்லை.

பட்டாவின் மூலத்தைத் தேடுவது ஆய்வாளன் கடமை. சேது கட்டிய அணில் வால்மீகியில் இல்லை. தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில் இருக்கிறது. நீரில் குளித்து, மணலில் புரண்டு, ஓடிப்போய்க் கடலைத் தூர்க்கப் பார்க்கிறது. கவனிக்க வேண்டியது, அப்பாட்டில் வேலை இருக்கிறது, தடவல் இல்லை. கூலி கொடுத்த விவரம் பிற்காலத்தில் வாய்மொழியாகச் சேர்க்கப்பட்டது. பத்திரத்தில் இடைச்செருகல் என்று ஒரு வக்கீல் தாராளமாக வாதிடலாம். புறநானூற்றின் 246ஆம் பாட்டில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு வெள்ளரிக்காயின் வரிக்கு அணிலின் வரியை உவமை சொல்கிறார். கோடு அங்கே உண்டு, போட்டவர் பெயர் இல்லை.

குறுந்தொகையின் 41ஆம் பாட்டு நம் வழக்குக்கு இன்னும் நெருங்கிய சாட்சி. அதைப் பாடியவரின் பெயரே பாட்டிலிருந்து வந்தது: அணிலாடு முன்றிலார். ஆட்கள் விட்டுப்போன வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிறது. தலைவன் பிரிந்த தலைவியின் மனம் அந்த வீடுபோல் பொலிவிழந்து கிடக்கிறது. இதிலிருந்து சங்ககால நடைமுறை தெளிவாகிறது. மனிதர் காலி செய்தபின், அதுவும் முற்றத்தில் மட்டும், அணில் ஆடியது. மாரண்டஹள்ளியில் ஆறு பேர் குடியிருக்கும்போதே மேல்மாடியை எடுத்துக்கொண்டது பிற்கால வளர்ச்சி.

கோட்டுக் கணக்கிலும் சிக்கல் உண்டு. 1766இல் லின்னேயஸ் பெயர் சூட்டிய நம் அணிலுக்கு மூன்று கோடு. வட இந்திய அணிலுக்கு ஐந்து. இராமர் வடக்கே ஐந்து விரலாலும், தெற்கே வந்து சேர்ந்த களைப்பில் மூன்று விரலாலும் தடவினார் என்பது இவ்வாய்வாளரின் கருதுகோள். இலங்கையிலும் மூன்று கோட்டு அணில் இருக்கிறது. பாலம் கட்டி முடிந்ததும் அக்கரையில் தங்கிவிட்ட தொழிலாளர் வழியாக இருக்கலாம். நம் மாவட்டத்தையும் கிருஷ்ணகிரியையும் தொட்டு 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தில் வாழும் சாம்பல் நிற அணிலுக்குக் கோடே கிடையாது. சேது வேலைக்கு அது வரவில்லை. ஆனால் அரசாங்கமே அதற்கு இடம் ஒதுக்கிவிட்டது. வேலைக்கு வராதவருக்கு ஒதுக்கீடு, வந்தவருக்குப் பரண்!

கடல் தாண்டினால் பட்டா செல்லாது. 1898இல் பெர்த் உயிரியல் பூங்காவிலிருந்து வெளியே விடப்பட்ட ஐந்து கோட்டு அணில்களின் வம்சம் மேற்கு ஆஸ்திரேலியாவில் இன்று தொல்லைப் பிராணிப் பட்டியலில் இருக்கிறது. அமெரிக்காவில் 1987 டிசம்பரில் ஓர் அணில் மின்சாரத்தில் கைவைத்து நாஸ்டாக் பங்குச் சந்தையை 82 நிமிடம் நிறுத்திவைத்தது. தமிழ்நாட்டில் 2021 ஜூனில் அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில்பாலாஜி, மின்தடைக்கு மின்கம்பியில் ஓடும் அணிலும் ஒரு காரணம் என்று சொல்ல, மருத்துவர் ராமதாஸ் முதல் மீம் போடும் பையன்கள்வரை கேலி செய்தார்கள். அமைச்சர் சொன்னது அறிவியல்படி சாத்தியமே. இரண்டு கம்பிகளை ஒரே நேரத்தில் தொடும் எந்த உடலும் மின்சாரத்துக்கு வழிதான். ஆனால் இந்த ஊரில் அணில்மேல் பழி போட்டு யாரும் தப்பித்ததில்லை. களவீட்டில் ஒயர் கடிபட்டு ஃபேன் நின்றபோதும், “ஒயரை யாரு அங்க தொங்கவிடச் சொன்னது?” என்றுதான் தீர்ப்பு வந்தது.

இனி வெளியேற்ற முறைகள். பாச்சை உருண்டை வைத்துப் பார்த்ததில் வீட்டார் மூக்கைப் பிடித்துக்கொண்டு திண்ணைக்கு வந்தனர், அணில் வரவில்லை. மிளகாய்ப் புகையின் விளைவும் அதுவே, இருமல் கூடுதல். பூனை வளர்க்கும் யோசனை பாலுக்கு ஆகும் செலவோடு முடிந்தது. எலிக்கூண்டில் தேங்காய்ச் சில்லு வைத்துப் பிடிக்கும் முறைக்கு ஊரில் ஆதரவாளர் அதிகம். பிடித்ததைப் பையில் மறைத்து, பஸ்ஸில் பாலக்கோட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். கோட்பாட்டில் குறை ஒன்றுமில்லை. பாலக்கோட்டிலும் ஓட்டு வீடுகள் உண்டு, அங்கேயும் எலிக்கூண்டு உண்டு, அவர்கள் தம் அணிலை எங்கே கொண்டுவந்து விடுவார்கள் என்பதை மட்டும் யோசிக்கக் கூடாது.

பலன் தரும் முறை ஒன்றுதான், அது ஆய்வுக்கு ஏற்ற சுவாரசியம் அற்றது. கூரையைத் தொடும் மட்டைகளைக் கழிக்க வேண்டும். அணில் இரை தேடப் போயிருக்கும் பகல் நேரத்தில் முகட்டு விரிசலிலும் சுவர்த்தலை இடுக்குகளிலும் நெருக்கமான கம்பிவலை அடித்துச் சிமெண்டு பூச வேண்டும். அதற்கு முன் பரணில் குட்டி இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். சினை 34 நாள் போல. கண் திறக்காமல் பிறக்கும் இரண்டு மூன்று குட்டிகள் பால் மறக்கப் பத்து வாரம் ஆகும். அதற்குள் அடைத்தால் தாய் வெளியேயும் குட்டி உள்ளேயுமாக ஆகிவிடும். அப்புறம் ஓட்டைத் தாய் பிரிக்காவிட்டாலும் மாமியார் பிரிப்பார்.

சிக்கல், அணில் ஆண்டுக்கு ஒரு தடவையோடு நிறுத்துவதில்லை. இந்தக் குட்டி போகட்டும் என்று காத்திருந்தால் அடுத்தது வந்துவிடுகிறது. இங்கேதான் 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் பயமுறுத்துகிறது. தனியார் இடத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் தடையின்றி, பகிரங்கமாக அனுபவித்தவர் எதிரிடை அனுபவ பாத்தியம் கோரலாம். ஓர் அணிலுக்கு அவ்வளவு ஆயுசு இல்லைதான். ஆனால் முன்னோர் அனுபவித்த காலத்தையும் வாரிசு சேர்த்துக்கொள்ள வழியுண்டு. பகிரங்கம் என்ற நிபந்தனையைப் பொறுத்தவரை, காலை ஆறு மணிக்கு அது போடும் கீச்சுக்குரலைத் தெருவே கேட்கும்.

தைக்குப் பின் ஒரு சிறு இடைவெளி கிடைத்தது. மெத்தையில் கூடு காலி. கொத்தனார் வந்தார், வலை அடித்தார், பூசினார். தாய் அணில் தென்னையில் உட்கார்ந்து வாலை ஆட்டி ஆட்டிக் கத்தியதை மாமியார் மதியம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை யாருக்கும் காபி கிடைக்கவில்லை. அடுத்த நாளே திண்ணைச் சுவரில் ஒரு தேங்காய்மூடி வைக்கப்பட்டது. ஆய்வின் தொடக்க வாய்பாட்டின்படி பரணில் பகல் சத்தம் நின்றுவிட்டது.

பத்து நாளில் இரவுச் சத்தம் ஆரம்பித்தது. காலி இடம் பார்த்து எலி வந்திருக்கிறது. எந்த இடுக்கு வழி என்று இன்னும் பிடிபடவில்லை. குட்டி இருக்கிறதா என்று பார்க்கலாமா என ஆய்வாளர் கேட்டதற்கு மாமியார் முறைத்தார். கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பி எலி கேக் வாங்கிவரச் சொன்னவர், கூடவே திண்ணை அணிலுக்கு வறுகடலை கால் கிலோவும் எழுதிக் கொடுத்தார்.