மிளகாய்க்குப் போன பெயர்

உர்ரென்று உட்கார்ந்திருந்த பிள்ளை தெருவில் இறங்கி ஓடியாடிவிட்டு, வேர்த்து விறுவிறுத்துச் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினால் அந்தப் பெருமை யாரைச் சேரும்? எங்கள் வீட்டில் இது தீராத வழக்கு. "உப்பு மிளகாய் சுத்திப் போட்டேன்ல? கொஞ்சமாச்சும் நெடி வந்துச்சா பாரு. அம்புட்டும் கண்ணு!" என்பார் என் அம்மா. தான் ஊட்டிய பால்கோவாதான் காரணம் என்பது என் மனைவியின் கட்சி. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரக்கு, புவிசார் குறியீடு பெற்றது. எதிர்த்துப் பேச முடியாது. ஓடியதால் இருக்குமோ என்று கேட்க ஒரு நாதியில்லை.

   

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் தினமும் 180 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்க ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் தெருவில் கள்ளன் போலீஸில் யார் கள்ளன் என்று முடிவாகவே அதில் பாதி போய்விடும்.

ஆட விடுவது சுலபம். ஆடியதால்தான் மனசு மாறியது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்க வைப்பதுதான் பாடு. சிரிக்கிற மூஞ்சி, அழுகிற மூஞ்சி எல்லாம் போட்ட அட்டையை யு.கே.ஜி. படிக்கும் மகனிடம் நீட்டினேன். கோப மூஞ்சியைத் தொட்டான். ஏனென்றால் அது சிவப்பு. "மனசு எப்படிடா இருக்கு?" என்றால், "பசிக்குது." "சந்தோஷமா இருக்கியா?" என்று நாமே பதிலை எடுத்துக் கொடுத்தால் "ஆமா" என்று தலையாட்டிவிட்டுப் போவான், அது சாட்சியே ஆகாது.

உடம்பில் நடப்பதை உணர்வதுதான் உணர்ச்சி என்று வில்லியம் ஜேம்ஸ் 1884-இல் எழுதினார். மனசு என்ற சொல்லே பிடிபடாத வயதில் கையும் நெஞ்சும் வயிறும் பிடிபடும். அதனால் மனசை விட்டுவிட்டு உடம்பை விசாரித்தேன். விளையாடப் போகும் முன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை, நெஞ்சில் கை வைத்து. "நெஞ்சுக்குள்ள டிராக்டர் ஓடுதுப்பா" என்றான். "போறப்ப?" "போறப்ப மூஞ்சி கனமா இருந்துச்சு."

ஓடியாடினால் மனசு மாறுவதற்குக் காரணம் எண்டார்பின் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். இப்போது உடம்பே சுரக்கும் கஞ்சா வகையறாப் பொருள்களுக்கும் இதில் பங்குண்டு என்கிறார்கள். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. பேரனுக்குக் கஞ்சாவா என்று இன்னும் நாலு மிளகாய் செலவாகும்.

எல்லா நாளும் ஓட்டம் பலிக்காது. கிளித்தட்டில் தோற்றுவிட்டு வந்தால் டிராக்டரும் ஓடும், கண்ணீரும் ஓடும். அன்றைக்கு யாரும் பெருமைக்குப் போட்டி போடுவதில்லை.

ஆனால் பயல் கவனிக்கப் பழகிவிட்டான். கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னதும் நெஞ்சில் கை வைத்து, கண்ணை மூடி, டாக்டர் போல யோசித்துவிட்டுச் சொல்கிறான்: "அப்பா, மூஞ்சி கனமா இருக்கு. ஓடிட்டு வந்துருதேன்."

பதில் சொல்வதற்குள் தெருமுனை தாண்டியிருந்தான்.