துண்டு போடுதல்: திருச்செந்தூர்க் கடற்கரையில் இடம்பிடித்தலும் அதன் அறமும் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்க வருகிறவர்களும், பௌர்ணமி இரவில் மணலில் படுத்தெழ வருகிறவர்களும் திருச்செந்தூரில் இடம்பிடிப்பது எப்படி, பிடித்த இடம் கைவிட்டுப் போகாமல் இருப்பது எதனால் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இடத்தைக் காப்பது துண்டா, துண்டுக்குப் பக்கத்தில் இருப்பவரா என்பதே ஆய்வு வினா. துண்டுக்கு இதில் பெரிய பங்கு இல்லை என்பது முடிவு. இதனால் யாருக்கும் முனைவர் பட்டம் கிடைக்காது; சிலருக்கு ராத்திரித் தூக்கம் கிடைக்கலாம்.

1. ஆய்வுக் களமும் முறையும்

களம்: தூத்துக்குடி மாவட்டம், திருச்செந்தூர், சுப்பிரமணிய சுவாமி கோயிலும் அதை ஒட்டிய கடற்கரையும். சஷ்டிக்குக் கோயில் நிர்வாகம் தற்காலிகக் கொட்டகைகள் போடுகிறது. அவை நிரம்பியதும் மண்டபம், அதுவும் நிரம்பியதும் மணல். ஆய்வு முறை: பாயில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, தூங்குவதுபோல் பாவனை செய்து கவனித்தல். சில நேரங்களில் பாவனை உண்மையாகிவிட்டது. அந்தத் தரவுகள் கிடைக்கவில்லை.

முன்னாய்வுகள் நமக்கு அதிகம் உதவவில்லை. வெளியில் தங்குவோருக்கு அமெரிக்கர்கள் வகுத்த ஏழு நெறிகளில் கடைசி நெறி அடுத்தவரை மதிக்கச் சொல்கிறது. அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளித் தங்கு என்ற இன்னொரு நெறிதான் சிக்கல். சஷ்டிக் கூட்டத்தில் 200 அடி தள்ளிப் போவதென்றால், எத்தனையோ குடும்பங்களின் தலைமாட்டைக் கடந்து, எல்லாரிடமும் ஒரு "ஸ்ஸ்ஸ், பாத்துப் போங்க" வாங்கித்தான் போக வேண்டும்.

எட்வர்டு ஹால் என்ற மானிடவியலாளர் 1966இல் வெளியிட்ட நூலில் மனிதருக்கிடையிலான தூரங்களை அளந்து வைத்தார். ஒன்றரை அடிக்குள் நெருங்கியவர் தழுவலுக்குரியவர். ஒன்றரை முதல் நாலடி வரை நண்பர். நாலு முதல் பன்னிரண்டு அடி வரை அலுவல் பழக்கம். சூரசம்ஹாரத்துக்கு முந்திய இரவில் சாத்தான்குளத்துப் பெரியவர் ஒருவரின் வலது குதிகால் நம் காதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. ஹால் கணக்குப்படி அவர் நமக்கு மிக நெருங்கிய உறவு. ஊரார் இதை ஹாலுக்கு முன்பே தெரிந்துவைத்திருந்ததால்தான் முதல் வார்த்தையிலேயே "அண்ணாச்சி" என்று கூப்பிட்டுவிடுகிறார்கள். தூரத்தைக் கூட்ட வழியில்லாதபோது உறவைக் கூட்டிக்கொள்வது இக்கரையின் நடைமுறை.

2. வரலாற்றுப் பின்னணி

இக்கரைக்குக் கூடாரத் தங்கல் புதிதன்று. முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் சில வாரங்களுக்கு மட்டும் ஓலைக் கொட்டகைகளால் ஆன ஊர்கள் முளைத்து மறைந்தன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்கோ போலோ ஒரு செய்தியைக் குறித்துவைத்தார். சுறாக்களை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு. கட்டு பகலுக்கு மட்டும், இரவானதும் அவிழ்த்துவிடுவார்கள். ஆக, இரவில் யாரும் திருட்டுத்தனமாக முங்க முடியாது. காவலாளுக்குச் சம்பளம் மிச்சம். அடுத்தவர் இடத்தில் இரவில் கைவைக்காமலிருக்கச் சுறாவையே ஏற்பாடு செய்த முதல் முகாம் இதுவாக இருக்கலாம்.

இலங்கைக் கரையில் மரிச்சுக்கட்டியில் 1906இல் நடந்த குளிப்பின்போது, பின்னாளில் எழுத்தாளராகப் பேர் பெற்ற லியோனார்டு வுல்ஃப் அங்கே இளம் அதிகாரி. தூத்துக்குடி, கீழக்கரை, அரபு நாட்டு முக்குளிப்போர் என்று பல்லாயிரம் பேர் மணலில் இறங்கியிருந்தார்கள். சிப்பி கரைக்கு வந்ததும் கொட்டு என்ற வேலியடைப்புக்குள் போகும். குளித்தவரே அதை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். எந்த இரண்டு சர்க்காருக்கு என்பதை அதிகாரி சுட்டுவார். மீதி ஒன்று குளித்தவருக்கு. பிரிக்கிறவருக்குத் தேர்வு இல்லை, தேர்கிறவருக்குப் பிரிப்பு இல்லை. எனவே மூன்று குவியலும் சமமாகவே அமைந்தன. வெண்பொங்கல் பொட்டலத்தைப் பங்கிடும் குடும்பங்கள் இம்முறையை இன்னும் கைக்கொள்ளாதது வருந்தத்தக்கது.

அந்த முகாமின் பெருங்குறை வாடை. முத்தை எடுக்கச் சிப்பியை நாள்கணக்கில் அழுகவிட்டு, பிறகு கழுவி அரிப்பார்கள். ஊர் முழுக்க ஈயும் நாற்றமும். ஆயினும் யாரும் பக்கத்துக் கொட்டகையைக் குறைசொல்ல முடியவில்லை. எல்லார் கொட்டகையிலும் அதே நாற்றம்! தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. நாற்றம் போயிற்று, அத்துடன் அந்தச் சமத்துவமும் போயிற்று.

நெறி தவறிய தங்கலுக்கும் உள்ளூர்ச் சான்று உண்டு. 1640களின் இறுதியில் டச்சுக்காரர்கள் திருச்செந்தூர்க் கோயிலையே கோட்டையாக்கித் தங்கினார்கள். யாரிடமும் "இங்கன ஆளு இருக்கா?" என்று கேட்கவில்லை. கிளம்பும்போது விக்கிரகத்தையும் தூக்கிக்கொண்டு போனார்கள். புயல் மிரட்ட, அதைக் கடலில் போட்டுவிட்டு ஓடினார்கள் என்பதும், எலுமிச்சம்பழம் மிதந்த இடத்தில் வடமலையப்ப பிள்ளை என்பவர் அதை மீட்டார் என்பதும் கோயில் மரபு. தங்கிய இடத்துப் பொருளை எடுத்துச் செல்லாதே என்ற நெறிக்கு இதைவிட ஓங்கிய எடுத்துக்காட்டை இவ்வாய்வு காணவில்லை.

3. துண்டின் சட்டவியல்

இடத்தைக் குறிக்கும் பொருள்கள் வலுவின் ஏறுவரிசையில்: செருப்பு, தண்ணீர் பாட்டில், துண்டு, பாய், கட்டைப்பை, பாட்டி. செருப்பு தானாக நடந்து போய்விடும். பாட்டிலை யாராவது குடித்துவிடுவார்கள். துண்டைக் காற்று பார்த்துக்கொள்ளும். ஐப்பசியில் வாடைக்காற்றுக்கு அந்தக் கடமை உண்டு. பாட்டியை மட்டும் யாராலும் நகர்த்த முடியாது.

ஸ்பெயினில் கால்பே என்ற கடற்கரை ஊரில், துண்டு விரித்துவிட்டுப் போகிறவர்களுக்கு 250 யூரோ வரை அபராதம். அங்கே துண்டு என்பது தனி மனிதரின் பேராசை. இங்கே துண்டு ஒரு கூட்டு நிறுவனம். நாலு முழத் துண்டு ஒன்று இன்னும் கோவில்பட்டி பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும் ஒன்பது பேருக்கு நிற்கும். "ஆளு வருது" என்ற ஒரு வாக்கே ஆவணம். ஆனால் அதைச் சொல்ல ஆள் வேண்டும். துண்டு வாய் திறந்து சொல்லாது.

முக்கியமான தரவு விடிகாலை நாலு மணிக்குக் கிடைத்தது. ஓர் அம்மாள் கடலில் முங்கி நாழிக்கிணற்றில் குளித்து வரக் கிளம்பினார். பக்கத்துப் பாய்க்காரியைத் தொட்டு எழுப்பினார்.

"ஏக்கா, செத்த பாத்துக்கிடுங்க. பைக்குள்ள துணிதான் இருக்கு."

"போய்ட்டு வாங்க, நான் எங்க போவப்போறேன்."

இருவரும் அதுவரை பேசிக்கொண்டதில்லை, பேர் தெரியாது. நாழிக்கிணற்றில் வரிசை நீளம். திரும்பி வருவதற்குள் அந்த இடத்துக்கு மூன்று தரப்பினர் வந்து, மூவரும் விரட்டப்பட்டார்கள். பார்த்துக்கொண்டவர், தன் இடத்தைக்கூட அவ்வளவு ஆவேசமாகக் காத்திருக்க மாட்டார். பிறகு இவர் குளிக்கப் போக, அவர் காவல். ஒப்படைத்தால் மட்டுமே உரிமை உறுதியாகிறது என்பதை இது காட்டுகிறது. துண்டை மட்டும் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் போனவரின் துண்டு, மடித்துத் திண்ணையில் வைக்கப்பட்டது. மடித்தது மரியாதை, திண்ணையில் வைத்தது தீர்ப்பு.

4. நெறிமீறல்களின் வகைப்பாடு

அ. படர்தல்: மாலையில் ஒரு பாயாக இருந்த குடும்பம் நள்ளிரவில் மூன்று பாயாக இருக்கும். காரணம் பிள்ளைகள் உருளுவது. குற்றவாளி தூக்கத்தில் இருப்பதால் வழக்கு நிற்காது.

ஆ. புளியோதரை: ஆறு நாளும் இளநீரும் பழமுமாக இருக்கும் விரதக்காரருக்கு இரண்டடி தள்ளி, நல்லெண்ணெய் மினுங்கும் புளியோதரைப் பொட்டலத்தை அவிழ்த்தல். விரதக்காரர் கண்ணை மூடிக்கொள்ளலாம். மூக்குக்கு இமை இல்லை. முதுகைக் காட்டி, காற்று போகும் பக்கமாக உட்கார்ந்து உண்பதே நாகரிகம்.

இ. கவசம்: நாலு செல்போனில் நாலு திசையில் கந்த சஷ்டி கவசம், ஒவ்வொன்றும் ஒவ்வோர் அடியில். பக்தி என்பதால் நிறுத்தச் சொல்லவும் முடியாது. எல்லாரும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்த உடன்படுவதே நடைமுறைத் தீர்வு.

ஈ. உதறுதல்: பெட்ஷீட்டை எழுந்த இடத்திலேயே உதறி, மணலை அடுத்தவர் வாய்க்கு மாற்றுதல்.

உ. தாண்டுதல்: படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டினால் அது வளராது என்பது நம்பிக்கை. தாண்டியவரைக் கூப்பிட்டு, மறுபடி அந்தப் பக்கமே தாண்ட வைப்பார்கள். அவர் திரும்பும்போது வேறொரு பிள்ளையைத் தாண்டிவிட்டால் இரண்டாவது வழக்கு தொடங்கும். அவசரமாகக் கழிப்பறைக்குப் போனவர் இதில் பட்ட பாடு ஆய்வுக்கு அப்பாற்பட்டது.

5. முடிவுகள்

ஆறாம் நாள் மாலை சூரசம்ஹாரத்துக்குக் கூட்டம் கடலோரம் திரளும்போது எல்லா எல்லையும் தானாக ரத்தாகிறது. யாருடைய பாயில் யார் நிற்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. சம்ஹாரம் முடிந்து, கடலில் முங்கி, விரதம் முடித்துத் திரும்பியதும் அதே பாய்கள் அதே வரிசையில் அமைகின்றன. அளவுகோல் இல்லாமல் இது நடப்பது, எல்லையை மணல் அல்ல, அக்கம்பக்கத்தாரின் நினைவுதான் வைத்திருக்கிறது என்ற நம் கருதுகோளை உறுதிசெய்கிறது.

பரிந்துரைகள் மூன்று. வந்ததும் துண்டை விரிக்குமுன் பக்கத்தில் இருப்பவரிடம் எந்த ஊர் என்று கேட்க வேண்டும். குளிக்கப் போகுமுன் ஒப்படைத்துப் போக வேண்டும். நம்மிடம் ஒப்படைத்ததை நம்முடையதைவிட அதிகமாகக் காக்க வேண்டும்.

மேலாய்வுக்கு ஒரு தலைப்பு மிஞ்சுகிறது. திருக்கல்யாணம் முடிந்து ஊருக்குக் கிளம்பும் குடும்பம், தன் இடத்தை நின்று தவிக்கும் இன்னொரு குடும்பத்துக்குக் கைகாட்டி எழுதிக்கொடுக்கிறது. பத்திரம் இல்லை, முத்திரைத்தாள் இல்லை, வில்லங்கம் பார்ப்பதும் இல்லை. கைமாற்று அரை நிமிடத்தில் முடிகிறது. இந்தச் செய்தி பதிவுத்துறையின் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்வது ஆய்வாளர் அனைவரின் கடமை.